தலைவிதியா? சாலை விதியா?

நமது நாட்டில் ஒரு மனிதன் ரோட்டில் அடிபட்டுச் செத்துப்போனால், அவன் எப்படிச் செத்தான் என்று விசாரிப்பதற்கு முன்னால், "அவன் விதி முடிந்துவிட்டது" என்று சொல்லிக் காரியத்தை முடித்துவிடுகின்ற வழக்கம், படித்தவர் படியாதவர் என்கின்ற வித்தியாசமில்லாமல் எல்லோரிடத்திலும் இருந்து வருகின்றது. லாரி எவ்வளவு வேகத்தில் வந்தது, ரோட்டில் விளக்கு எரிந்ததா, செத்தவன் தலையில் கவசம் இருந்ததா, குறுக்கே கடப்பதற்கு வழி விட்டிருந்தார்களா, அந்த நேரத்தில் போலீஸ்காரர் ஒருவராவது அங்கே நின்றாரா என்கின்ற கேள்விகளில் ஒன்றுகூடக் கேட்கப்படுவதில்லை. ஏன் கேட்கப்படுவதில்லை? கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அநேகர் இருக்கின்றார்கள். விதி என்று சொல்லிவிட்டாலோ ஒருவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. லாரி முதலாளி தப்பித்துக் கொள்ளுகின்றார். ரோடு போட்டவர் தப்பித்துக் கொள்ளுகின்றார். போலீஸ் இலாகா தப்பித்துக் கொள்ளுகின்றது. செத்தவனுடைய பெண்டாட்டி பிள்ளைகள் மாத்திரம் தப்பித்துக் கொள்ள முடிவதில்லை.

இந்த விதி எவ்வளவு பேரைக் கொண்டுபோகின்றது என்று பார்ப்போம். மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் ரோட்டில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதாவது நாள் ஒன்றுக்குச் சுமார் 462 பேர். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் நமது தமிழ்நாடே முதலாவது, 64,105 விபத்துகள். இங்கு செத்தவர்கள் 17,884 பேர். செத்தவர்கள் யார் என்று பார்த்தால், இந்திய முழுமைக்கும் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் முதலிய இரண்டு சக்கர வண்டிக்காரர்கள். சுமார் 20 பேர் காலால் நடந்து போனவர்கள். காரில் போகின்றவரை மோதும்போது காற்றுப் பை வந்து காப்பாற்றுகின்றது. சைக்கிளில் போகின்றவருக்கும் நடந்து போகின்றவருக்கும் தோலும் எலும்பும்தான் காப்பு. விதிக்கு ஏழை பணக்காரன் என்கின்ற பேதம் இல்லை என்று சொல்லுகின்ற வேதாந்திகள் இந்தக் கணக்கைப் பார்த்துப் பதில் சொல்லட்டும்.

நிற்க, இந்த விஷயத்தை யோசிப்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பிரதேசத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறு இல்லையென்றே சொல்லுவோம். ஒரு காலத்தில் ஸ்ரீபெரும்புதூர் என்றால் இராமானுஜர் பிறந்த ஊர் என்பதும், சுற்றிலும் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகின்ற கிராமங்கள் என்பதும்தான் பேச்சு. இன்றைக்கோ அங்கு வாகனங்கள் விளைகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார், ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ - நிஸ்ஸான் கார், 2012 முதல் டெய்ம்லர் லாரி, 2013 முதல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள், வல்லம் வடகாலில் 2015 முதல் யமஹா மோட்டார் சைக்கிள் என்று வரிசையாய்த் தொழிற்சாலைகள் வந்தன. உலகத்தின் பல தேசங்களுக்கு இங்கிருந்து வண்டி போகின்றது. ஆனால் அந்த வண்டியைச் செய்கின்ற தொழிலாளி ஷிப்ட் முடிந்து, அது ஓடுகின்ற ரோட்டைக் கடந்து உயிரோடு வீடு போய்ச் சேர்வதற்கு மாத்திரம் சரியான வழி செய்யப்படவில்லை.

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையும், சிங்கப்பெருமாள் கோயில் - ஸ்ரீபெரும்புதூர் ரோடும், வண்டலூர் - வாலாஜாபாத் ரோடும் அந்தப் பக்கத்துக் கிராமங்களை வெட்டிக்கொண்டு போகின்றன. கண்டெய்னர் லாரியும், கார் ஏற்றிய ட்ரெய்லரும், கம்பெனி பஸ்ஸும், ஷேர் ஆட்டோவும், மோட்டார் சைக்கிளும், பழைய சைக்கிளும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும், மேய்ந்துவிட்டு வருகின்ற மாடும் எல்லாம் அதே ரோட்டில்தான் போக வேண்டும். இரவில் ரோட்டோரத்தில் விளக்கில்லாமல் நிறுத்திவிட்டுப் போகின்ற லாரிகளோ இருட்டில் எழுப்பிய சுவர் போல் நிற்கின்றன. பத்து மணி நேரம் உழைத்துக் களைத்த மனிதன் அந்தச் சுவரில் போய் மோதினால் அதற்குப் பெயர் விதியா என்று கேட்கின்றோம்.

இதில் மற்றொரு வேடிக்கையைப் பாருங்கள். தொழிற்சாலைக் கேட்டுக்கு உள்ளே போனால், நடப்பதற்கென்று மஞ்சள் கோடு போட்டிருக்கின்றார்கள். அந்தக் கோட்டை விட்டு ஓரடி விலகினால் சூபர்வைசர் கேள்வி கேட்கின்றார். தலைக்குத் தொப்பி, காலுக்குக் கெட்டியான பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் கட்டாயம். விபத்தில்லாமல் எத்தனை நாள் ஆயிற்று என்று பலகை எழுதி வைக்கின்றார்கள். உள்ளே ஒருவனுக்கு விரல் நசுங்கினால், "அவன் விதி" என்று எந்தக் கம்பெனியும் எழுதிவைத்துவிட்டுப் போவதில்லை. எந்த மெஷினில், எந்த நிமிஷத்தில், யாருடைய தவறினால் நடந்தது என்று விசாரித்து, மறுபடியும் நடவாதபடி தடுப்புப் போடுகின்றார்கள். அதே மனிதன் கேட்டைத் தாண்டிப் பத்து அடி வந்துவிட்டால் மஞ்சள் கோடும் இல்லை, கேட்பாரும் இல்லை, ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும் என்றாகிவிடுகின்றது. கேட்டுக்கு உள்ளே பகுத்தறிவு, கேட்டுக்கு வெளியே தலைவிதி என்பது என்ன ஞாயம்? உள்ளே விபத்தைத் தடுக்கத் தெரிந்த மனிதனுக்கு வெளியே தடுக்கத் தெரியாமலா போய்விடும்?

தடுக்கத் தெரியாததல்ல, தடுக்கின்ற வேலையைத் தெய்வத்தினிடம் ஒப்படைத்துவிட்டதுதான் காரணமாகும். புது வண்டி வாங்கினால் முதலில் கோவிலுக்குப் போய்ச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்றார்கள். பிரேக் சரியாய் இருக்கின்றதா என்று பார்க்காதவரும் எலுமிச்சம்பழத்தை மறப்பதில்லை. ஆயுத பூஜையன்று திருஷ்டி கழிப்பதாகச் சொல்லிப் பூசணிக்காயை நடுரோட்டில் போட்டு உடைக்கின்றார்கள். உடைத்தவருடைய திருஷ்டி கழிகின்றதோ இல்லையோ, அந்தச் சதையில் சக்கரம் வழுக்கிப் பின்னால் வருகின்ற சைக்கிள்காரனும் மோட்டார் சைக்கிள்காரனும் மண்டை உடைபடுகின்றார்கள். ரோட்டில் பூசணிக்காய் உடைக்காதீர்கள் என்று போலீஸார் வருஷா வருஷம் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும்படியாய் இருக்கின்றது. தன் வண்டிக்கு ஆபத்து வராமலிருக்க அடுத்தவன் வண்டிக்கு ஆபத்தை உண்டாக்குவதற்குப் பெயர் பக்தியா? பொது வழியில் ஆபத்து உண்டாக்குவது 2024 ஜூலை முதல் அமலில் இருக்கின்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவுப்படி குற்றம். ஐயாயிரம் ரூபாய் வரையில் அபராதம் உண்டு. கெஞ்சுவதை விட்டு, நாலு ஊரில் நாலு பேருக்கு அந்த அபராதத்தைப் போட்டிருந்தால் இவ்வழக்கம் இதற்குள் குறைந்திருக்கும்.

ரோட்டை மறிக்கின்ற கோவில்களுக்கும் இதே கதைதான். பொது வழியில் புதிதாய் எந்த மதத்துக் கோவிலையும் அனுமதியின்றிக் கட்டக்கூடாதென்று உச்சநீதிமன்றம் 2009-லேயே உத்தரவிட்டது. கோவிலை மாத்திரம் சொல்லிவிட்டுக் கட்சிக்காரர்களைச் சொல்லாமல் விடுவதும் யோக்கியமாகாது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் தண்ணீர் லாரியின் கீழ் சிக்கி மாண்டார். சாமி பெயரால் மறித்தாலும் தலைவர் பெயரால் மறித்தாலும், வழி மறிக்கப்பட்டவன் உயிர் ஒன்றுதான்.

இனி, விபத்து என்பது எப்படி உண்டாகின்றது என்பதைச் சற்று விளக்குவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகின்ற வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடுகின்றது. எதிரில் பிள்ளை வருவதைக் கண்டு பிரேக் மேல் காலை வைப்பதற்கே ஒரு விநாடி வேண்டும். அதற்கப்புறம்தான் பிரேக் வேலை செய்யத் தொடங்கும். வேகம் இரட்டித்தால் மோதுகின்ற சக்தி இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகின்றது. ஆகையால்தான் 30 கிலோமீட்டரில் மோதப்பட்டவன் பெரும்பாலும் எழுந்து நடக்கின்றான்; 60-ல் மோதப்பட்டவன் பெரும்பாலும் எழுந்திருப்பதில்லை. பெரிய லாரியின் இடது பக்கத்தில் முன்சக்கரத்தை ஒட்டி ஓர் இடம் இருக்கின்றது. அங்கே இருக்கின்ற சைக்கிள் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. லாரி இடது பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் உள்பக்கமாய் ஒதுங்கி வரும். சந்தியில் லாரிக்கு இடது பக்கத்தில் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தியவன் அந்தப் பின்சக்கரத்தில் சிக்குகின்றான். இதை ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். நமது பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகளுக்கு இது சொல்லிக்கொடுக்கப்படுகின்றது?

தலைக்கவசமும் அப்படியே. அதைச் சரியாய்ப் பட்டை மாட்டி அணிந்தால் சாகின்ற அபாயம் சுமார் 40 சதவிகிதமும், தலையில் அடிபடுகின்ற அபாயம் சுமார் 70 சதவிகிதமும் குறைகின்றது என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. 2022-ல் இந்தியாவில் கவசம் அணியாமல் செத்தவர்கள் 50,029 பேர். "எமன் வந்தால் ஹெல்மெட் என்ன செய்யும்?" என்று கேட்கின்ற தோழர்கள் இருக்கின்றார்கள். ஒரு காலத்தில் பெரியம்மை வந்தாலும் இப்படித்தான், அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிவிட்டுச் சும்மா இருந்தார்கள். தடுப்பு ஊசி குத்தியதும் அந்த அம்மன் எங்கே போனாள்? 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்றாகிவிட்டது. ஊசிக்குப் பயந்து அம்மன் ஓடினாள் என்றால், கவசத்துக்கும் வேகத் தடைக்கும் எமனும் சற்றுப் பயப்படத்தான் செய்வான்.

ஆனால் இவையெல்லாம் ஜனங்களுக்குத் தானாய் வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. சட்டத்தைச் செலுத்துவதற்கு ஆள் வேண்டும். அதுதான் போலீஸ் வேலை. ஒரு காலத்தில் நமது ஊர்களில் விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டினால் போலீஸ்காரர் பிடிப்பார். இருவர் ஏறிப் போனால் இறக்கிவிட்டு டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். சைக்கிளுக்கே லைசென்ஸ் வில்லை வாங்கிக் கட்ட வேண்டியிருந்தது. அது பல இடங்களில் ஏழைகளை இம்சிக்கின்ற காரியமாய் முடிந்ததென்பதை நாம் மறுக்கவில்லை. இன்றைக்கும் அபராதம் என்றால், கண்டெய்னர் லாரி பறந்துபோகும்போது திரும்பிப் பார்க்காமல், ஹெல்மெட் இல்லாத கூலிக்காரனைத் திருப்பத்தில் மறைந்திருந்து பிடிப்பதுதான் என்று ஜனங்கள் நினைக்கும்படி நடந்துகொண்டால், அப்படிப்பட்ட போலீஸுக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்? பயந்தவன் போலீஸைக் கண்ட இடத்தில் கவசத்தை மாட்டிக்கொண்டு, அடுத்த திருப்பத்தில் கழற்றிவிடுவான். அறிந்தவனோ யாரும் பாராத இடத்திலும் மாட்டிக்கொள்ளுவான்.

ஆகவே அந்தப் பகுதிப் போலீஸாருக்கு நாம் சொல்லுவது இதுதான். ஷிப்ட் மாறுகின்ற காலையிலும் மத்தியானத்திலும் இரவிலும் தொழிற்சாலைகளின் கேட்டுகளிலும் சந்திகளிலும் ஆள் நிற்க வேண்டும். அபராதத்தைப் பெரிய வண்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்; அதிகமாய்க் கொல்லக்கூடியது எதுவோ அதை முதலில் தடுப்பதுதான் ஞாயம். விளக்கில்லாமல் ரோட்டில் நிறுத்திய லாரியை அபராதத்தோடு விடாமல் அப்புறப்படுத்த வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது, 127-வது பிரிவுகள் அதற்கு அதிகாரம் கொடுத்திருக்கின்றன. ஒவ்வொரு அபராதத்துக்கும் ரசீது கொடுக்க வேண்டும்; ரசீதில்லாத பணம் சட்டத்தைக் காப்பதில்லை, சட்டத்தை விற்கின்றது. விளக்கில்லாத சைக்கிள்காரனிடம் பணம் பிடுங்காமல், நாலு ரூபாய்ச் சிவப்பு மினுமினுப்புப் பட்டை ஒன்றைச் சைக்கிளின் பின்பக்கத்தில் ஒட்டி அனுப்பினால், அது அபராதத்தைக் காட்டிலும் அதிக வேலை செய்யும்.

கம்பெனிக்காரர்களும் சர்க்காரும் தங்கள் பங்கைச் செய்யாமல் ஜனங்களை மாத்திரம் குற்றம் சொல்லக்கூடாது. ரோட்டின் நடுவில் நீளச் சுவர் எழுப்பிவிட்டுத் திரும்புவதற்கு வெகுதூரம் போகச் சொன்னால், களைத்த தொழிலாளி எதிர்த்திசையில் வண்டியை விடத்தான் பார்ப்பான். அது குற்றம்தான், ஆனால் குற்றம் செய்யும்படி ரோட்டைப் போட்டதும் குற்றம்தான். ஹாலந்து தேசத்தில் 1971-ல் ரோட்டில் செத்தவர்கள் மூவாயிரத்துக்கு மேல். அவர்களில் நானூறுக்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். அந்த ஜனங்கள் விதியென்று சும்மா இருக்கவில்லை. "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று பேர் வைத்துத் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்தார்கள். சைக்கிளுக்குத் தனி வழி வந்தது. வீடுகள் இருக்கின்ற தெருக்களில் வண்டி வேகம் குறைந்தது. இன்றைக்கு உலகத்தில் சைக்கிளுக்குப் பேர்போன தேசம் அதுதான். அவர்களுக்கு வந்தது நமக்கு வராதென்பதற்கு என்ன காரணம்?

நமது நாட்டிலேயே உதாரணம் இல்லாமலில்லை. 1990-களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு கூடச் சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தபோது, பொம்பளைக்குச் சைக்கிளா என்று சிரித்தவர்கள் முன்னால் பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். கற்றுக்கொடுத்தால் ஜனங்கள் கற்றுக்கொள்ளுவார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. இன்றைக்குச் சர்க்கார் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் இலவசமாய்க் கொடுக்கின்றார்கள், நல்ல காரியம். அந்தச் சைக்கிளைக் கொடுக்கின்ற அன்றைக்கே அரை நாள் ஒதுக்கி, போலீஸ்காரர் ஒருவரும் லாரி டிரைவர் ஒருவரும் வந்து, ஒரு லாரியையே மைதானத்தில் நிறுத்தி, டிரைவர் கண்ணுக்குத் தெரியாத இடம் எது என்று பிள்ளைகளை உட்காரவைத்துக் காட்டினால் எத்தனை உயிர் தப்பும்! அதற்குச் செலவென்ன? மந்திரி வருகைக்குக் கட்டுகின்ற பந்தல் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது.

மற்றொன்று. ஒரகடம் பக்கத்தில் பீகார், ஒடிசா, வங்காளம், அஸ்ஸாம் முதலிய இடங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளமாய் இருக்கின்றார்கள். அவர்களுக்கு நமது பலகை படிக்கத் தெரியாது. இந்தித் திணிப்பை நாம் எதிர்க்கின்றோம், அது வேறு. பிழைக்க வந்த ஏழை லாரியில் அடிபடாமலிருக்க அவன் பாஷையில் நாலு வார்த்தை எழுதி வைப்பது திணிப்பாகாது, மனிதத்தன்மையாகும்.

சட்டம் ஜனங்களுக்கு அனுகூலமாய்ச் செய்திருக்கின்ற சில காரியங்களையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ் கோர்ட்டுக்கு இழுக்கும் என்கின்ற பயத்தினால் எத்தனையோ பேர் ரோட்டிலேயே இரத்தம் வடிந்து செத்திருக்கின்றார்கள். உதவி செய்தவரை அப்படித் தொந்தரவு செய்யக்கூடாதென்று உச்சநீதிமன்றம் 2016-ல் வகுத்த ஏற்பாட்டுக்கு உறுதி கொடுத்தது. 2019-ல் சட்டத்திலேயே 134-ஏ என்று பிரிவு சேர்த்துவிட்டார்கள். 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார் ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசமாகும். ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் 51-ஈ பிரிவாய்ச் சேர்க்கப்பட்ட ஏற்பாட்டின்படி, வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் தொழிலாளிக்கு நேருகின்ற விபத்து, வேலையோடு அதற்குச் சம்பந்தமிருந்தால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும். கேட்டுக்கு வெளியே நடந்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று சொல்லுகின்றவர்களுக்கு இதை எடுத்துக் காட்டுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. லைசென்ஸ் இல்லாத வயதில் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொடுத்துவிட்டு, அவன் காத்து கருப்பு அண்டாமலிருக்கக் கயிறு கட்டுகின்றீர்கள். அந்தப் பிள்ளை விபத்து செய்தால் 199-ஏ பிரிவுப்படி உங்களுக்கு மூன்று வருஷம் வரையில் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தண்டனை கிடக்கட்டும், போன பிள்ளையைக் கயிறு கட்டிக் கொண்டுவர முடியுமா?

கடைசியாக, ஒவ்வொரு ஊரிலும் உள்ள நமது தோழர்களுக்கு ஒன்று சொல்லுவோம். உங்கள் ஊரில் ஒருவர் ரோட்டில் செத்தால், இழவு வீட்டில் "விதி" என்று யாராவது ஆரம்பிக்கும்போது, "எந்த இடத்தில்? எத்தனை மணிக்கு? விளக்கு இருந்ததா? வண்டி என்ன வேகம்?" என்று மெதுவாய்க் கேளுங்கள். பதிலை ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒன்றும், கலெக்டர் தலைமையிலுள்ள மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் கமிட்டிக்கு ஒன்றும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்புங்கள். ஒரே இடத்தில் இரண்டாவது மனிதன் சாவானேயானால், அது அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவர்களுடைய குற்றம் என்பது எழுத்திலேயே நிற்கும்.

தலையில் எழுதிய விதியை எவனும் கண்டதில்லை. அதைத் திருத்தவும் வழியில்லை என்கின்றார்கள். சாலை விதியோ மனிதன் எழுதியது. எல்லோரும் படிக்கலாம், தப்பாயிருந்தால் திருத்தலாம், மீறினவனைக் கேட்கலாம். இவ்விரண்டில் எதை நம்பிப் பிள்ளைகளை ரோட்டுக்கு அனுப்புவது என்பதை வாசகர்களே யோசித்து முடிவு செய்துகொள்ள வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.